டென்ஷன் வந்தா தோலும் சேர்ந்து ஆடுமா? வாசகர் கேள்விகள், தோல் டாக்டர் பதில்கள்

மன அழுத்தமும் தோலும் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்ததைப் படிச்சா பாதிப் பேர் "எல்லாமே டென்ஷனாலதானா டாக்டர்"ங்கிறாங்க, மீதிப் பேர் "டாக்டருங்களுக்கு காரணம் புரியலைன்னா உடனே ஸ்ட்ரெஸ்னு சொல்லிடுறீங்க"ன்னு திட்டியிருக்காங்க. ரெண்டாவது கோஷ்டி மேல எனக்கு கோபம் இல்ல, அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. நிறைய பேர் கேட்டுக்கிட்டதால யார் பேரும் போடல.

டாக்டர், நான் காலேஜ் படிக்கிறேன். எக்ஸாம் நெருங்கினா கரெக்டா தாடையிலயும் நெத்தியிலயும் பரு கிளம்பிடுது, லீவுல அடங்கிடுது. அக்கா, "நீயா கற்பனை பண்ணிக்கிற, அந்த நேரத்துல அடிக்கடி கண்ணாடி பாக்குற, அவ்ளோதான்"னு சொல்றா. நிஜமாவே டென்ஷனால பரு வருமா?

கற்பனை இல்லன்னு அக்காகிட்ட தைரியமா சொல்லுங்க. ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டியில 22 ஸ்டூடன்ட்ஸை எக்ஸாம் இல்லாதப்பவும் எக்ஸாம் நேரத்துலயும் வரவச்சு பருவை கணக்கெடுத்து 2003ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, யாருக்கு டென்ஷன் ஏறுச்சோ அவங்களுக்கு பருவும் ஏறியிருந்துச்சு, தூக்கம் கெட்டது சாப்பாடு மாறினது எல்லாத்தையும் கழிச்சுப் பார்த்தும் அந்த தொடர்பு அப்படியே நின்னுச்சு. 22 பேர்ங்கிறது சின்ன கூட்டம்தான், ஒத்துக்கிறேன். ஆனா சிங்கப்பூர்ல 94 ஸ்கூல் பசங்களை வச்சு 2007ல பண்ணினதுலயும் கிட்டத்தட்ட இதேதான் வந்துச்சு. அதுல ஒரு சுவாரஸ்யம், அவங்க முகத்துல சுரக்கிற எண்ணெயையும் அளந்தாங்க, அது பெரிசா கூடவே இல்ல, பரு மட்டும் மோசமாச்சு. அதனால "டென்ஷன்ல எண்ணெய் வழியுது, அதான் பரு"ன்னு எல்லாரும் சொல்ற கதை முழுசா சரியில்ல, வீக்கம்தான் இதுல பெரிய ஆளு.

உள்ள நடக்கிறது இதுதான். பயமோ கவலையோ வந்தா மூளையில ஹைப்போதலாமஸ்னு ஒரு இடம் சி.ஆர்.ஹெச்.ங்கிற ஹார்மோனை விடும், அது பிட்யூட்டரியை கிளப்பும், பிட்யூட்டரி கிட்னிக்கு மேல இருக்கிற அட்ரினல் சுரப்பியை கிளப்பும், அங்கேருந்து கார்டிசால் வரும். இது பாடப்புத்தகத்துல இருக்கிறது. பலருக்கு தெரியாதது என்னன்னா தோலே தன் பங்குக்கு இந்த சி.ஆர்.ஹெச்.சை தயார் பண்ணும், எண்ணெய் சுரப்பிகள்லயே அதை வாங்கிக்கிற இடமும் இருக்கு. தோல்ல இருக்கிற நரம்பு முனைகளும் சும்மா இருக்காம வீக்கத்தை கிளப்புற ரசாயனங்களை விடும். கருவுல பார்த்தீங்கன்னா மூளையும் நரம்பும் தோலோட மேல் அடுக்கும் ஒரே படலத்துலேருந்துதான் உருவாகுது, அந்த பழைய சொந்தம் விடல போல.

ஆனா டென்ஷன் தானா போய் பருவை முளைக்க வைக்காது. அடைச்சுக்கிட்ட துவாரம் கண்ணுக்கு தெரியாம ஏற்கெனவே தோலுக்குள்ள இருக்கும், டென்ஷன் எரியிற அடுப்புல எண்ணெய் ஊத்தும், அவ்வளவுதான். அதோட எக்ஸாம் நேரத்துல நீங்க பண்றதையும் கவனிங்க, தாடையில கைய முட்டுக் குடுத்துக்கிட்டு மணிக்கணக்கா படிப்பீங்க, படிக்கும்போதே விரல் பருவை தேடிப் போய் நோண்டும், ராத்திரி முகம் கழுவாம அப்படியே புக்கு மேல சாய்ஞ்சிடுவீங்க, தடவிக்கிட்டு இருந்த க்ரீமை மறந்துடுவீங்க.

பரு மருந்து எதுவா இருந்தாலும் முழு பலன் தெரிய 8 லேருந்து 12 வாரம் ஆகும். எக்ஸாமுக்கு ஒரு வாரம் முன்னாடி ஆரம்பிச்சா பலன் தெரியறதுக்குள்ள எக்ஸாமே முடிஞ்சிருக்கும். லீவுல, முகம் நல்லா இருக்கும்போதே ஆரம்பிங்க. அடாபலீன் 0.1 சதவீத ஜெல்லை ராத்திரியில முகம் முழுக்க மெல்லிசா தடவணும், பரு மேல மட்டும் புள்ளி வைக்கிறது வேஸ்ட், மொதல்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும், காயுது எரியுதுன்னா மாய்ஸ்சரைசர் சேர்த்துக்கலாம். கர்ப்பமா இருக்கிறவங்களும் கர்ப்பத்துக்கு ட்ரை பண்றவங்களும் அடாபலீனை தொடாதீங்க. பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமே போதும், 10 சதவீதம் வாங்கி தோலை எரிச்சுக்கிட்டு வர்றவங்களை நான் நிறைய பாக்கிறேன், தலையணை உறையும் வெளுத்துடும் சொல்லிட்டேன். ஆழமா வலிக்கிற கட்டியா வந்தாலோ தழும்பு விழுந்தாலோ நேரா டாக்டர்கிட்ட போயிடுங்க. பொண்ணுங்களுக்கு பீரியட்ஸ் ஒழுங்கா வரல, தாடையில முடியும் வளருதுன்னா அது டென்ஷன் கணக்குல சேராது, ஹார்மோன் பார்க்கணும்.

டாக்டர் சார், எனக்கு இடது கணுக்கால் பக்கத்துல ஒரு இடம் அரிச்சுக்கிட்டே இருக்கு, ரெண்டு வருஷமாச்சு. ஆபீஸ்ல ஒரு பிரச்சனைன்னா அன்னிக்கு ராத்திரி சொறிஞ்சு ரத்தமே வந்துடுது. ஒரு டாக்டர் பார்த்துட்டு ஸ்ட்ரெஸ்தான், ரிலாக்ஸா இருங்கன்னு அனுப்பிட்டார். எப்படி சார் ரிலாக்ஸா இருக்கிறது?

"ரிலாக்ஸா இருங்க"ன்னு சொல்றது வைத்தியமே இல்ல, உங்க கடுப்பு எனக்கு புரியுது. நீங்க எழுதினதை வச்சு பார்த்தா இது அனேகமா ஒரே இடத்தை திரும்பத் திரும்ப சொறியிறதால வர்ற எக்ஸிமா வகை, நேர்ல பார்க்காம உறுதியா சொல்ல மாட்டேன். அந்த இடத்தை வெளிச்சத்துல கிட்ட வச்சு பாருங்க. சுத்தி இருக்கிற தோலைவிட தடிப்பா, கொஞ்சம் கறுத்து, தோல்ல சாதாரணமா கண்ணுக்கு தெரியாத கோடெல்லாம் ஆழமா குறுக்கும் நெடுக்குமா தெரியுதா? அப்படி இருந்தா அந்த தடிப்பை உண்டாக்குனது உங்க விரல்தான். தப்பு சொல்லல, அரிப்புன்னா யாரு கைதான் சும்மா இருக்கும். சொறிஞ்சா அந்த லேசான வலி அரிப்பை அமுக்கிடும், மூளைக்கு ஒரு சுகம் கிடைக்கும், ஆனா தோல் இன்னும் கிழிஞ்சு இன்னும் அரிக்கும், இப்படியே சுத்திக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

டென்ஷன் இதுக்குள்ள ரெண்டு வழியா நுழையும். ஒண்ணு, கைக்கு வேலை வேணும். இன்னொண்ணு, தோலோட மேல் பாதுகாப்பு அடுக்கு பழுதானா சரியாக லேட்டாகும். இதை ஆய்வுல எப்படி கண்டுபிடிச்சாங்கன்னா கையில டேப்பை ஒட்டி ஒட்டி பிய்ச்சு மேல் அடுக்கை வேணும்னே கெடுத்து, அது வழியா எவ்வளவு ஈரம் ஆவியாகுது, எவ்வளவு நேரத்துல பழையபடி ஆகுதுன்னு மெஷின் வச்சு அளந்தாங்க, எக்ஸாம் டென்ஷன்ல இருந்த ஸ்டூடன்ட்ஸுக்கு அது மெதுவாத்தான் சரியாச்சு. அடுக்கு பழுதா இருந்தா ஈரம் வெளிய போகும், சோப்பும் தூசியும் உள்ள வரும், அரிப்பு கூடும்.

அதனால ஆபீஸ் பிரச்சனை தீர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, தோலை தனியா கவனிக்கலாம். டாக்டர் எழுதிக் குடுக்கிற ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட்டை அவர் சொல்ற நாள் கணக்குல மட்டும் போடுங்க, குளிச்சு துடைச்ச கையோட ஈரம் காயறதுக்குள்ள வாசனை இல்லாத கெட்டியான மாய்ஸ்சரைசரை தாராளமா பூசுங்க, ராத்திரி அந்த இடத்தை பேண்டேஜ் போட்டு மூடுங்க, தூக்கத்துல கை போனாலும் தோலைத் தொடாது. நகத்தை ஒட்ட வெட்டுங்க. அப்புறம் ஒரு பழக்கம், 1973லயே அஸ்ரின், நன்னுன்னு ரெண்டு உளவியல் நிபுணர்கள் நகம் கடிக்கிறது மாதிரி பழக்கங்களுக்கு கொண்டு வந்த முறை இது, பின்னாடி எக்ஸிமாவுக்கும் பயன்படுத்தினாங்க. கை அங்க போகுதுன்னு தெரிஞ்ச உடனே ரெண்டு கையையும் இறுக்கி மூடி ஒரு நிமிஷம் வரைக்கும் அப்படியே வைங்க, அப்பவும் அரிச்சா சொறியாம அந்த இடத்தை உள்ளங்கையால அழுத்துங்க. கேக்க சிரிப்பா இருக்கும், ஆனா ரெண்டு வாரம் விடாம பண்ணினவங்க "கை போறதே இப்பதான் தெரியுது டாக்டர்"னு வந்து சொல்றாங்க, அதுவரைக்கும் தெரியாமதான் சொறிஞ்சிருக்காங்க.

இன்னொண்ணு, உடம்பு முழுக்க ராத்திரியில அரிச்சா, வீட்ல மத்தவங்களுக்கும் அரிச்சா அது சொறிபூச்சியா இருக்கலாம். அதையும் ஸ்ட்ரெஸ்னு சொல்லி மாசக்கணக்கா ஓட்டினவங்க இருக்காங்க.

மேடம், கண்ணுக்கு கீழ கருவளையம் டென்ஷனாலயா?

(மேடம் இல்ல, சார். பரவாயில்ல.) பெரும்பாலும் பரம்பரையும் கண்ணுக்கு கீழ இருக்கிற பள்ளமும்தான். தூக்கம் கெட்டா இருக்கிறது எடுப்பா தெரியும், கண்ணை கசக்குற அலர்ஜிக்காரங்களுக்கு நிஜமாவே நிறம் ஏறும். கீழ் இமைத் தோலை லேசா பக்கவாட்டுல இழுத்துப் பாருங்க, நிறம் அப்படியே இருந்தா கருமை தோல்ல இருக்கு, வெளிச்சத்தை மேல காட்டினதும் காணாம போனா அது வெறும் நிழல், அதுக்கு எந்த க்ரீமும் வேலை செய்யாது.

டாக்டர், மூணு மாசம் முன்னாடி எங்க குடும்பத்துல ஒரு பெரிய இழப்பு. அந்த நேரத்துல எப்படியோ சமாளிச்சுட்டேன், இப்பதான் கொஞ்சம் தேறி வர்றேன். ஆனா இப்ப போய் முடி கொத்துக் கொத்தா வருது, தலைக்கு ஊத்தினா பாத்ரூம் தண்ணி போற ஓட்டையே அடைச்சுக்குது. அப்ப கொட்டாத முடி இப்ப ஏன் கொட்டுது? வழுக்கை ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு.

முதல்ல, உங்க இழப்புக்கு என் வருத்தம். நீங்க சொன்ன அந்த மூணு மாசம்தான் இதுல முக்கியமான துப்பு. தலையில சுமார் ஒரு லட்சம் முடி இருக்கு, அதுல பெரும்பகுதி வளர்ந்துக்கிட்டும் ஒரு சின்ன பகுதி ஓய்வுலயும் இருக்கும். பெரிய அதிர்ச்சி, கடுமையான காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி டயட் இப்படி எதாவது வந்தா வளர்ந்துக்கிட்டு இருந்த முடியில நிறைய ஒரே நேரத்துல ஓய்வுக்கு போயிடும், ஆனா உடனே விழாது, ரெண்டு மூணு மாசம் வேர்லயே உட்கார்ந்துட்டு அப்புறம்தான் விழும். அதனாலதான் ஆளு தேறி வர்ற நேரமா பார்த்து கொட்டுது, காரணத்தை மறந்தே போயிட்டு ஷாம்பூ மேல பழியை போடுறவங்கதான் அதிகம்.

விழுந்த முடி ஒண்ணை எடுத்து வெள்ளைப் பேப்பர் மேல வச்சு பாருங்க. நுனியில குண்டூசி தலையைவிட சின்னதா ஒரு வெள்ளை உருண்டை இருக்கும். வேரே போச்சுன்னு அதைப் பார்த்து நிறைய பேர் அழறாங்க. அது வேர் இல்லீங்க, ஓய்வு முடிஞ்ச முடியோட அடையாளம், வேர்க்கால் தோலுக்குள்ளேயே பத்திரமா இருக்கு, புது முடி அதுலேருந்துதான் வரும். சாதாரணமாவே ஒரு நாளைக்கு 50 லேருந்து 100 முடி போகும், உங்களுக்கு இப்ப அதுக்கும் மேல போகுது. காரணம் தொடரலைன்னா அனேகமா ஆறு மாசத்துக்குள்ள கொட்டுறது நிக்கும். அடர்த்தி பழையபடி ஆக அதுக்கும் மேல நாளாகும், முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தானே வளருது. நெத்தி ஓரத்துல குட்டி குட்டியா நிமிர்ந்து நிக்கிற முடி தெரிஞ்சா நல்ல சேதி.

இது முழு வழுக்கையா ஆகாது. ஆனாலும் ரத்தத்துல ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல சேர்த்து வச்சிருக்கிற இரும்புச்சத்தோட அளவு), தைராய்டு மூணையும் பார்த்துடுங்க, அதுல எதுவும் குறை இருந்தா சோகத்தோட சேர்ந்து அதுவும் கொட்ட வைக்கும். முடிக்கு நல்லதுன்னு விக்கிற பயோட்டின் வைட்டமின் மாத்திரை வாங்கி முழுங்கிக்கிட்டு இருந்தா டெஸ்ட்டுக்கு முன்னாடி கட்டாயம் டாக்டர்கிட்ட சொல்லுங்க, அது தைராய்டு ரிசல்ட்டையே தப்பா காட்ட வைக்கும். காசு வட்டமா ஒரு இடம் மட்டும் வழவழன்னு சொட்டையானா அது வேற நோய், உடம்போட எதிர்ப்பு சக்தி முடியையே தாக்குறது, சும்மா விடாம காட்டுங்க.

டென்ஷன்ல நரைச்ச முடி டென்ஷன் போனா கறுக்குமா சார்?

2020ல ஹார்வர்டு ஆட்கள் எலியில காட்டினாங்க, டென்ஷன் நேரத்துல நரம்பு விடுற நார்அட்ரினலின் முடிக்கு நிறம் குடுக்கிற ஸ்டெம் செல்லையெல்லாம் ஒரே மூச்சுல செலவழிச்சுடுது, செலவழிஞ்சது திரும்பல. 2021ல கொலம்பியா யுனிவர்சிட்டியில 14 மனுஷங்களோட முடியை நீளவாக்குல ஆராய்ஞ்சு பார்த்ததுல சில முடி நரைச்சு திரும்ப கறுத்திருந்துச்சு, ஒருத்தருக்கு லீவுல போயிருந்தப்ப அஞ்சு முடி கறுத்திருக்கு. அஞ்சு முடி! தலை முழுக்க நரைச்சவங்க டை டப்பாவை தூக்கிப் போட வேணாம்.

சொல்லவே வெட்கமா இருக்கு டாக்டர். எனக்கு வயசு 26. பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்னா முகத்துல எதையாவது பிதுக்கிக்கிட்டே இருப்பேன், பரு இல்லைனாலும் மூக்கு மேல இருக்கிற கறுப்பு புள்ளியை. ஒரு மணி நேரம் போனதே தெரியாது. முடிச்சதும் முகத்தைப் பார்த்து அழுகை வரும், மறுநாள் மறுபடியும் அதேதான். முகம் முழுக்க கறுப்பு தழும்பு.

வெட்கப்பட ஒண்ணுமில்லம்மா, உங்க ஒருத்தர் கதை இல்ல இது. இதை மனநல மருத்துவம் ஒரு தனி பிரச்சனையாவே ஏத்துக்கிட்டிருக்கு, 2013ல வந்த டி.எஸ்.எம். 5ங்கிற, மனநல டாக்டருங்க நோயை கண்டுபிடிக்க பயன்படுத்துற பட்டியல்ல சேர்த்தாங்க. மன உறுதி இல்லாததால வர்றதுன்னு நினைச்சு உங்களை நீங்களே திட்டிக்கிட்டா அந்த திட்டே அடுத்த டென்ஷன், அடுத்த டென்ஷன் வந்தா மறுபடி கண்ணாடி.

மூக்கு மேல இருக்கிற அந்த புள்ளிகளை பத்தி ஒரு விஷயம். பிதுக்கினா வெள்ளையா நூல் மாதிரி வருதா? அது அழுக்கு இல்ல, நோயும் இல்ல, எண்ணெய் துவாரத்துல எல்லாருக்கும் இருக்கிற சாதாரண சமாச்சாரம், எடுத்தாலும் சில வாரத்துல திரும்ப ரொம்பிடும். அதாவது நீங்க ஜெயிக்கவே முடியாத ஒரு வேலையில ஒரு மணி நேரம் நிக்கிறீங்க. பெருசா காட்டுற கண்ணாடி இருந்தா அதை இன்னிக்கே வீட்டை விட்டு அனுப்புங்க, உங்க முகத்தை யாரும் அவ்வளவு பெருசாக்கி பாக்கிறதில்ல. பாத்ரூம்ல வெளிச்சத்தை குறைங்க, கண்ணாடியிலேருந்து ஒரு கை தூரம் தள்ளி நில்லுங்க, பல் விளக்குறதை வேற இடத்துல வச்சுக்கிட்டாலும் நல்லது. பரு வந்த இடத்துல ஹைட்ரோகொல்லாய்டு பேட்ச்னு சின்ன ஸ்டிக்கர் கிடைக்கும், அதை ஒட்டுங்க, அது காயத்தையும் ஆத்தும், விரலுக்கும் பிடி கிடைக்காது. மத்தியான நேரத்துலயா, போன் பேசினதுக்கு அப்புறமா, படுக்கப் போறதுக்கு முன்னாடியா, எப்ப கை போகுதுன்னு ஒரு வாரம் குறிச்சு வைங்க, பெரும்பாலும் ஒரே நேரம்தான் வரும்.

தழும்புன்னு நீங்க சொல்றது பள்ளம் இல்லாம வெறும் கறுப்பா இருந்தா மங்கிடும், ஆனா மாசக்கணக்காகும். எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் தினமும் போடலைன்னா எந்த க்ரீமும் பலிக்காது. கடையில போய் "தழும்புக்கு க்ரீம் குடுங்க"ன்னு கேட்டு வாங்கிடாதீங்க, அதுல ஸ்டீராய்டு கலந்திருந்தா ரெண்டு வாரம் முகம் பளபளன்னு இருக்கும், அப்புறம் தோல் மெலிஞ்சு, செவந்து, பருவும் ரோமமும் முளைச்சு, நிறுத்தினா நெருப்பா எரியும். அதை சரி பண்றதுதான் எனக்கு பெரிய வேலையா இருக்கு. இதையெல்லாம் பண்ணியும் கை நிக்கலைன்னா சைக்காலஜிஸ்ட்டை பாருங்க, இதுக்குன்னே பயிற்சி இருக்கு, தோல் டாக்டரும் அவங்களும் சேர்ந்து பார்த்தாத்தான் சீக்கிரம் சரியாகும்.

எனக்கு சோரியாசிஸ். வீட்ல எல்லாரும் "டென்ஷன் ஆகாத, கூடிடும்"னு சொல்லியே டென்ஷன் ஏத்துறாங்க. தியானம் பண்ணினா போயிடுமா?

போகாது. சோரியாசிஸ் உடம்போட எதிர்ப்பு சக்தியும் பரம்பரையும் சம்பந்தப்பட்டது, தியானத்தை நம்பி மருந்தை நிறுத்தினவங்க மோசமாகித்தான் திரும்ப வர்றாங்க. ஆனா மருந்தோட சேர்த்தா பலன் இருக்கலாம். 1998ல, தியானத்தை வைத்தியத்துல பயன்படுத்தின ஜான் கபாட் ஜின்ங்கிற அமெரிக்க ஆய்வாளரோட குழு ஒரு ஆய்வு பண்ணுச்சு, சோரியாசிஸுக்கு புற ஊதா ஒளி சிகிச்சை எடுக்கிற 37 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிப் பேருக்கு லைட்டுல நிக்கும்போது தியான டேப் போட்டு விட்டாங்க, டேப் கேட்டவங்களுக்கு தோல் சீக்கிரமா தெளிஞ்சுது. லைட் சிகிச்சை ரெண்டு பாதிப் பேருக்குமே இருந்துச்சுங்கிறதை மறந்துடாதீங்க. பி.பி.க்கோ படபடப்புக்கோ குடுக்கிற பீட்டா பிளாக்கர், மனநலத்துக்கு குடுக்கிற லித்தியம், இது ரெண்டும் சிலருக்கு சோரியாசிஸை கூட்டும், நீங்களா நிறுத்தாம எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட கேளுங்க. காலையில விரல் மூட்டு வலிச்சு விறைச்சா அதையும் சொல்லுங்க. வீட்டுக்காரங்ககிட்ட இந்த பக்கத்தை காட்டுங்க.

டாக்டர், மறதி நோய் வந்த எங்கம்மாவை நான்தான் தனியா பார்த்துக்கிறேன். விரல்ல சின்னதா வெட்டினது கூட ஆற ரொம்ப நாள் ஆகுது. முகமும் வயசான மாதிரி ஆயிடுச்சு. இதுக்கும் மனசுக்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கு, அதுவும் உங்களை மாதிரியே இருக்கிறவங்களை வச்சுத்தான் பார்த்திருக்காங்க. ஜேனிஸ் கீகோல்ட் கிளேசர்ங்கிற அமெரிக்க உளவியல் நிபுணரோட குழு 1995ல, மறதி நோய் வந்த சொந்தக்காரங்களை பார்த்துக்கிற 13 பெண்களையும் அந்த பாரம் இல்லாத 13 பெண்களையும் எடுத்து, கையில மூன்றரை மில்லிமீட்டருக்கு ஒரே அளவு சின்ன காயம் பண்ணி கவனிச்சாங்க. பார்த்துக்கிறவங்களுக்கு ஆற சராசரியா ஒன்பது நாள் கூடுதலா ஆச்சு. கார்டிசால் நாள்பட கூடவே இருந்தா காயத்தை ஆத்துற செல்களோட வேகத்தை குறைக்கும், கொலாஜன் உருவாகுறதையும் குறைக்கும், முகம் வாடித் தெரியிறதுல தூக்கமில்லாததுக்கும் அதுக்கும் பங்கு இருக்கு.

ஆனாலும் முதல்ல சுகர் டெஸ்ட் பண்ணுங்க, ஹீமோகுளோபினும் பாருங்க, ஆறாத காயத்துக்கு டென்ஷனை காரணம் சொல்றதுக்கு முன்னாடி இது ரெண்டும் நார்மல்னு தெரியணும். காயத்தை காய விடாதீங்க, கழுவிட்டு வாஸ்லின் தடவி மூடி வைங்க, காய்ஞ்சாத்தான் ஆறும்னு சொல்றது தப்பு. பாத்திரம், துணி, அம்மாவுக்கு சுத்தம் பண்றதுன்னு உங்க கை நாள் முழுக்க தண்ணியிலதான் இருக்கும்னு நினைக்கிறேன், கிளவுஸ் போட்டுக்கங்க, ஒவ்வொரு தடவை கை துடைச்சதும் மாய்ஸ்சரைசர் போடுங்க. வாரத்துல ஒரு ராத்திரியாவது வேற யாரையாவது அம்மா பக்கத்துல படுக்கச் சொல்லி நீங்க தனி ரூம்ல தூங்குங்க. கூடப் பிறந்தவங்க இருந்தா வெட்கப்படாம கேளுங்க, இதுவும் மருந்துச்சீட்டுல நான் எழுதுற ஐட்டம்தான்.